பிழையான பொம்மைக் கார்களும் ஒரு கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். "தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். "ஐயையோ, வேண்டாம். பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிடுவாங்க. நீ ஏதோ பொம்மைக் கார் சேக்கறியாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். ஆகவே, பசியோடு இருப்பவர்களும் தைரியமாக உட்காரலாம். பொம்மைக் கார் பற்றித்தான் பேசப்போகிறேன். கடைசியில் தரக் கட்டுப்பாடும் கொஞ்சம் வரும். அதற்குச் செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இந்த மரப்பெட்டியில் பன்னிரண்டு கார்கள் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையாகக் கை மாற்றிப் பாருங்கள். எண்ணித்தான் தருகிறேன், எண்ணித்தான் திரும்ப வாங்குவேன். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கார்கள். பன்னிரண்டிலும் பிழை இருக்கிறது. ஒன்றில் மூன்று சக்கரம் ஒரு மாதிரி, நாலாவது வேறு மாதிரி. ஒன்றில் பக்கவாட்டுக் கோடுகள் தலைகீழாக அச்சாகியிருக்கின்றன. ஒன்றுக்குக் கண்ணாடியே இல்லை. விளையாடி உடைந்தவை அல்ல இவை. தொழிற்சாலையிலேயே தப்பாகப் பிறந்து, பரிசோதகர் கண்ணில் படாமல் வெளியே வந்தவை. நான் சேர்ப்பது இப்படிப்பட்டவற்றை மட்டும்தான்.

"நல்ல காரையே வாங்கக் கூடாதா?" என்று என் வீட்டம்மா கேட்பதுண்டு. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எனக்கு ஏழு வயதில் அப்பா சென்னைக்குப் போய்விட்டு வரும்போது ஒரு குட்டிக் கார் வாங்கி வந்தார். தரையில் வைத்துத் தள்ளினால் நேராகப் போகாது, இடப்பக்கமாக வட்டம் அடிக்கும். திருப்பிப் பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் சிறியது. அப்பாவுக்கு வருத்தம். "அடுத்த தடவ போறப்ப மாத்திட்டு வரேன்டா" என்றார். நான் தரமாட்டேன் என்று அழுதேன். தெருவில் எல்லாப் பையன்களின் காரும் நேராகத்தான் போனது. என் கார் மட்டும்தான் திரும்பி என்னிடமே வந்தது. பெட்டியில் முதல் கார் அதுதான்.

தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. 1854ல் கல்கத்தாவில் அச்சான நாலணாத் தபால்தலைகள் சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் தலை தலைகீழாக விழுந்துவிட்டது. இரண்டு நிறத்தை இரண்டு தடவையாக அச்சடிக்கும்போது ஏற்பட்ட தவறு. அது இன்று உலகப் புகழ் பெற்ற பொக்கிஷம். பொம்மைக் கார்களிலும் அதே கதைதான்.

ஆனால் இதில் இறங்குபவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வித்தியாசமாக இருப்பதெல்லாம் பிழை ஆகாது. 1964ல் வந்த கோல்ட்ஃபிங்கர் படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் கார் வெள்ளி நிறம். 1965ல் இங்கிலாந்தின் கார்கி கம்பெனி விட்ட பொம்மையோ தங்க நிறம். "ஆகா, பிழை!" என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. வெள்ளிப் பெயின்ட் அடித்தால், பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் என்று வாங்குகிறவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பதற்காகத் தெரிந்தே செய்த மாற்றம் அது. அது ஒரு முடிவு, பிழை அல்ல.

நிஜமான பிழைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேட்ச்பாக்ஸ் வரிசையில் 13ஆம் எண், 1965ல் வந்த டாட்ஜ் மீட்பு லாரி. பழுதான வண்டியைக் கொக்கி போட்டு இழுத்துப் போகும் லாரி. பக்கவாட்டில் பி.பி. பெட்ரோல் கம்பெனியின் சின்னம் இருக்கும். அதன் முன்பகுதி மஞ்சள், பின்பகுதி பச்சை. ஆனால் ஆரம்பத்தில் மிகச் சில லாரிகள் மாறிப்போய், முன்பகுதி பச்சையும் பின்பகுதி மஞ்சளுமாக வெளிவந்துவிட்டன. மேட்ச்பாக்ஸ் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் அந்த லாரி மேல் ஒரு கண். நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதை வாங்குகிற வசதி எனக்கு இல்லை. இருந்தாலும் பயமாகத்தான் இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேட்ச்பாக்ஸ் என்றதும் அதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எஞ்சினியர்களின் கதை. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்று இரண்டு நண்பர்கள். ஒரே குடும்பப் பெயர், ஆனால் உறவு இல்லை. யுத்தம் முடிந்து கடற்படையிலிருந்து வந்தவர்கள் 1947ல் வட லண்டனில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மதுக்கடைக் கட்டடத்தில் வார்ப்புத் தொழில் தொடங்கினார்கள். இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி, லெஸ்னி என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஜாக் ஓடெல் என்ற கைதேர்ந்த வார்ப்பு நிபுணர் சேர்ந்தார். 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவையொட்டி அவர்கள் செய்த சின்னஞ்சிறு சாரட்டு வண்டி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஓடெலின் மகள் படித்த பள்ளியில் ஒரு சட்டம். பிள்ளைகள் பொம்மை கொண்டுவரலாம், ஆனால் அது தீப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். அப்பா சும்மா இருப்பாரா? பித்தளையில் தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1953ல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது. எண் 1 ரோடு ரோலர்தான். பிறகு கம்பெனி கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதிக்குப் போய்ப் பிரம்மாண்டமாக வளர்ந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1982ல் லெஸ்னி நொடித்துப் போனது. பெயர் கை மாறிக் கை மாறி, 1997லிருந்து அமெரிக்காவின் மேட்டல் கம்பெனியிடம் இருக்கிறது. 1968ல் ஹாட் வீல்ஸ் கொண்டுவந்து, மேட்ச்பாக்ஸுக்குத் தலைவலி கொடுத்த அதே மேட்டல்தான்.

சரி, பிழை எப்படி நேர்கிறது? மெக்கானிக்கல் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். பொம்மைக் கார் ஐந்து கட்டங்களில் உருவாகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய பிழைகள் உண்டு.

முதல் கட்டம் வார்ப்பு. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், மிகச் சிறிய அளவில் மக்னீசியமும் சேர்த்த கலவை. அமெரிக்கர்கள் ஸமாக் என்பார்கள், ஆங்கிலேயர்கள் மஸாக் என்பார்கள். 390 டிகிரிக்குள் உருகிவிடும். அதை உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சினால், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு காரின் கூடு தயார். உலோகம் போதாமல் போனால் கூரையில் ஒரு மூலையோ பம்பரோ இல்லாமல் குறைவார்ப்பாக வரும். அச்சின் இரண்டு பாதிகளும் சரியாக மூடாவிட்டால் ஓரமெல்லாம் பிசிறு. அச்சு சூடாகாமல் குளிர்ந்திருந்தால் இரண்டு பக்கத்திலிருந்து ஓடி வரும் உலோகம் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலக்காமல், மயிரிழை போல ஒரு கோடு நிற்கும். இதைத்தான் கோல்ட் ஷட் என்று படித்தோம். பெட்டியில் பன்னிரண்டாவது காரின் கூரையில் அந்தக் கோடு இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

இரண்டாவது பெயின்ட். வரிசையில் ஏதோ ஒன்று தப்பிப் போனால் பெயின்டே இல்லாத வெள்ளிக் கார் வரும். நிறம் மாற்றும் நேரத்தில், ஒரு வண்டியின் இரண்டு பாகங்களும் வேறு வேறு நிறத்தில் போய்ச் சேரும். மூன்றாவது அச்சடிப்பு. செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒரு மெத்தென்ற சிலிக்கோன் குமிழ் ஒற்றி எடுத்துக் காரின்மேல் ஒற்றும். டாம்போ என்பார்கள். ஹாட் வீல்ஸ் 1974லிருந்து இதைப் பெரிய அளவில் செய்தது. கார் திரும்பி உட்கார்ந்தால் படம் தலைகீழ். மை தீர்ந்தால் ஒரு பக்கம் வெறுமை. கார் நகர்ந்தால் இரட்டைப் படம்.

நான்காவது பொருத்துதல். கூடு, கண்ணாடி, இருக்கை, சக்கரம், அடித்தகடு எல்லாவற்றையும் அடுக்கி, கூட்டோடு சேர்ந்தே வார்த்த சிறு முளைகளின் தலையைச் சுழற்றி நசுக்கி ரிவெட் அடிப்பார்கள். இங்கேதான் பிழைகளுக்குத் திருவிழா. மாறிய சக்கரம், விட்டுப்போன கண்ணாடி, திருப்பிப் போட்ட இருக்கை, வேறு காரின் அடித்தகடு, ரிவெட் அடிக்க மறந்து கையோடு கழன்று வரும் கார். ஐந்தாவது பேக்கிங். கார் ஒன்று, அட்டையில் உள்ள பெயர் வேறு. அல்லது பிளாஸ்டிக் கூட்டுக்குள் கார் மல்லாந்து கிடக்கும்.

ஒரு பிழைக் காரைக் கையில் எடுத்தால் அது எந்த மேசையில் நடந்தது, அதற்கு முன் எதெல்லாம் சரியாக நடந்தது, அதற்குப் பின் யாரெல்லாம் பார்க்காமல் விட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். சரியான கார் வாயைத் திறக்காது. பிழையான கார்தான் தான் பிறந்த கதையைச் சொல்லும். எனக்கு இதில் பைத்தியம் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

தொழிற்சாலைக்குள்ளேயே பிடிபட்ட பிழைகளும் உண்டு. 1969ல் ஹாட் வீல்ஸில் வோக்ஸ்வாகன் வேன் ஒன்று வடிவமைத்தார்கள். அலைச்சறுக்குப் பலகைகள் பின் ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டிப் பார்த்தால் வண்டி மேல்பக்கம் கனம், அகலமும் போதாது. தண்டவாளத்தில் கார்களை உந்தித் தள்ளும் சூப்பர் சார்ஜர் இயந்திரத்தில் அது சரியாக ஓடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அதற்காக இருபுறமும் அறை வைத்து, வண்டியை அகலமாக்கினார்கள். கீழ்ப்பக்கம் கனமும் ஏறியது. கடைக்கு வந்தது திருத்திய வண்டிதான். திருத்துவதற்கு முன் செய்த சோதனை வேன்கள் சில மிஞ்சி, இன்று உலகிலேயே அதிகம் தேடப்படும் ஹாட் வீல்ஸாக இருக்கின்றன.

பிறந்தபோது கண்ணுக்குத் தெரியாத பிழையும் ஒன்று இருக்கிறது. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த டிங்கி கார்களில், யுத்தத்துக்கு முந்தையவை பல இன்று தானாகவே வெடித்துப் பொடியாகின்றன. துத்தநாகக் கலவையில் காரீயம் கலந்துவிட்டால், மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் அரிப்பு புகுந்துவிடும். உலோகம் உப்பும், வளையும், விரியும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். வைத்தியமே கிடையாது. அதற்காகத்தான் 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு உலையில் விழுந்த ஒரு துண்டுக் காரீயக் கழிவுக்கு எண்பது வருஷம் கழித்து யாரோ ஒருவருடைய அலமாரியில் தண்டனை.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அதே கார்கள் இங்கே வார்க்கப்பட்டன. சிலவற்றின் அடித்தகட்டில் டிங்கி என்ற பெயரைச் சிதைத்த தடம் இருக்கும். பிறகு லியோ என்ற பெயரில் இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் கார்கள் தயாராயின. அமெரிக்காவில் வராத நிறங்களில் வந்ததால் வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அட்டைப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இனி, பயம் என்றேனே, அதற்கு வருகிறேன். பிழைக்கு விலை வந்ததும் பிழையைச் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். நல்ல காரின் ரிவெட்டைத் துளைபோட்டுக் கழற்றி, சக்கரத்தை மாற்றி, பசை போட்டு ஒட்டி "ஃபேக்டரி எரர்" என்று விற்கிறார்கள். பெயின்டை ரசாயனத்தில் உரித்து "பெயின்ட் இல்லாத கார்" என்கிறார்கள். டாம்போவைத் துடைத்து "அச்சு விட்டுப்போன கார்" என்கிறார்கள். நிறம் மாறிய அந்த மீட்பு லாரிக்கும் போலிகள் இருக்கின்றன.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ரிவெட்டின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலை ரிவெட்டில் சுழற்றிய வட்டத் தடம் சீராக இருக்கும். நடுவில் துளையோ ஓரத்தில் பசையோ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பெயின்ட் இல்லாத கார் என்றால், கூரையின் உட்புறத்தையும் சக்கர வளைவின் இடுக்கையும் பாருங்கள். அங்கே ஒரு பொட்டு நிறம் ஒட்டியிருந்தாலும் அது உரித்த கார். துடைத்த டாம்போ, சாய்த்துப் பிடித்தால் நிழல் போலத் தெரியும். அட்டையில் ஒட்டிய கார் என்றால் பிளாஸ்டிக்கின் கீழ் விளிம்பைத் திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பணம் கட்டிப் படித்தேன். நாலு வருஷம் முன்பு, பெயின்ட் இல்லாத ஒரு வேனை ஒருவரிடம் பதினாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டு வாடகையைவிட அதிகம். ஒரு வாரம் அழகு பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கண்ணாடி பொருந்தும் முளையின் அடியில் கடுகளவு நீலம். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. விற்றவரின் போன் எடுக்கவில்லை. வீட்டம்மா பார்த்துவிட்டு, "தப்பைத்தான் வாங்கறீங்க, அதையாவது சரியான தப்பா வாங்கக் கூடாதா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

அதே மாதம் வேறு ஊரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் பேசினார். "அந்த வெள்ளி வேன் உங்ககிட்ட இருக்காமே சார். பதினாறு தரேன், குடுங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. ஒரு நாள் டைம் கேட்டேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர் இல்லை. பார்த்தாலும், "எனக்கும் தெரியாது சார்" என்று சொல்லிவிடலாம். பெட்டியில் போட்டு விலாசமும் எழுதிவிட்டேன். ஆனால் அனுப்ப முடியவில்லை. அந்த ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் அந்த வேன் இல்லை. அது 2012ல் நடந்த ஒன்று. இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. இங்கே, நம் கல்லூரியில், என்னைவிடச் சின்னவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

2010ல் இங்கே படிப்பை முடித்து, ஓர் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். 2012ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டரில் உலை ஓடும், ஆனால் மெஷின் நிற்கும், அச்சு ஆறிப்போகும். மறுபடி கரண்ட் வந்ததும் முதலில் வரும் பத்துப் பன்னிரண்டு வார்ப்புகளைத் திரும்ப உலையில் போட்டுவிட வேண்டும். அச்சு சூடேறிய பிறகு வருவதுதான் நல்ல வார்ப்பு. இது அரிச்சுவடி.

மெஷினில் இருந்தவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மாதக் கடைசி. அன்று மூன்று தடவை கரண்ட் போனது. அவர் என்னிடமும் சூபர்வைசரிடமும் வந்து, "சார், டை சூடு ஏறல. மொத ஷாட்டுங்கள ஒதுக்கிடலாம்" என்றார். சூபர்வைசர், "அறுநூறு பீஸ் ராத்திரி லாரி ஏறணும். ஒதுக்கினா எங்க போறது? ஃபைல் போட்டு ஷாட் பிளாஸ்ட் அடிச்சா கோடு தெரியாது" என்றார். பிறகு என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினார். கோல்ட் ஷட் இருந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்தில் மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. வாங்கியவர்களின் கசிவுச் சோதனையில் தொண்ணூறுக்கு மேல் தேறவில்லை. விசாரணை நடந்தது. முதல் கேள்வியே "யார் ஷிப்ட்?" என்பதுதான். பதிவேட்டில் அண்ணன் பெயர் இருந்தது. அவரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள். நான் அந்த அறையில்தான் நின்றேன். "அவர் சொன்னார், நாங்கதான் கேக்கல." இந்த ஒரு வரி என் தொண்டையில் இருந்தது. வெளியே வரவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, வேலை போய்விடும் என்ற பயம். சாயங்காலம் அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போகும்போது, "வரேன் தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை. அடுத்த மாதம் காண்ட்ராக்டரிடம் விசாரித்தேன். "திருப்பூர் பக்கம் போயிட்டாருன்னு சொன்னாங்க" என்றார். அதன் பிறகு எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு பழைய சாமான் கடையில் 1960களின் குட்டி லாரி ஒன்று கையில் கிடைத்தது. பெயின்டுக்கு அடியில், கூரையின் குறுக்கே மயிரிழைக் கோடு. நான் கையெழுத்துப் போட்ட அதே கோடு. அதுதான் பெட்டியில் பன்னிரண்டாவது. யாரோ ஒரு ஆபரேட்டர், ஏதோ ஒரு குளிர்ந்த அச்சு. அவரும் ஒருவேளை சொல்லியிருக்கலாம், "சூடு ஏறல" என்று. காரைப் பார்த்தால் அச்சு குளிர்ந்திருந்தது என்று தெரிகிறது. யார் குற்றம் என்று அது சொல்வதில்லை. அந்த அறையில் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எப்படி நடந்தது?" என்பதுதான். "யார்?" என்று கேட்டதால் மின்வெட்டும், மாதக் கடைசி அவசரமும், என் கையெழுத்தும் தப்பித்துக்கொண்டன. அகப்பட்டவர் உண்மை சொன்னவர் ஒருவர்தான்.

அந்த வேனுக்கு வருகிறேன். மறுநாள் அவருக்குப் போன் செய்து, "சார், அது உரிச்ச வண்டி. நான் ஏமாந்துட்டேன்" என்று சொல்லி, நீலப் பொட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி சார், அப்ப வேணாம்" என்று வைத்துவிட்டார். பதினாலாயிரம் போனது போனதுதான். வேன் வீட்டில் இருக்கிறது, அடியில் "போலி" என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு என் பையன் அதை யாருக்கும் தெரியாமல் விற்றுவிடக் கூடாது அல்லவா?

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பிழை அறிக்கைத் தாள் ஒன்று வைத்திருக்கிறோம். அதில் "எப்படி" என்று ஒரு கட்டம், "முன்கூட்டியே யாராவது சொன்னார்களா" என்று ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டாவது கட்டம் அந்த அண்ணனுக்காக. அவருக்கு அது தெரியப் போவதில்லை.

தம்பி தங்கைகளே, இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நிறையப் பணம் வேண்டாம். ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். துத்தநாகக் கூட்டில் காந்தம் ஒட்டாது, இரும்பு அச்சாணியில் ஒட்டும். கடையில் தொங்கும் புதுக் கார்களிலேயே பொறுமையாகப் பார்த்தால் பிழை கிடைக்கும், சாதாரண விலைக்கே. வாங்கியதும் எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன பிழை, எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று எழுதி வையுங்கள். ஈரம் படாமல் வையுங்கள். முக்கியமாக, எதையும் சரிசெய்யாதீர்கள். சக்கரத்தை நிமிர்த்தினால் அழகாக இருக்கும், ஆனால் அது சொன்ன கதை போய்விடும்.

முடிப்பதற்கு முன் ஒன்று. நம் பவுண்டரி ஷாப்பில் முதல் வருஷம் நான் வார்த்த பிளாஞ்ச் ஓட்டையும் பள்ளமுமாக வந்தது. வெட்கப்பட்டு, யாரும் பார்ப்பதற்குள் கழிவுத் தொட்டியில் போடப் போனேன். இன்ஸ்ட்ரக்டர் சார் கையைப் பிடித்துக்கொண்டார். "உடைச்சுப் பாருடா. உள்ள என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்காம தூக்கிப் போடாத" என்றார். சம்மட்டியால் உடைத்து, எல்லோருக்கும் காட்டி, மணலில் ஈரம் அதிகம் என்று விளக்கினார். "யாரு வார்த்தது?" என்று கேட்கவே இல்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இந்த மலர் அவர் கைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம். அன்றைக்குச் சொன்னது எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகிவிட்டது சார்.

 பெட்டி கடைசி வரிசைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு கார்கள். எண்ணித்தான் வாங்குவேன்.